ஓடி முடிஞ்ச வீடியோ

இந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களாக்கா? உள்ள லேப்டாப் இருக்கு. மேல வச்சா ஆட்டத்துல உருண்டு விழுந்துரும். இல்லல்ல, இந்த ஸ்வீட் டப்பாவ நானே வச்சுக்கிறேன். மைசூர்பாகு. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல வாங்கினேன். கடையில ஜாங்கிரி அப்பதான் எடுத்துப் போட்டுட்டிருந்தான், வாசனை ஆள இழுக்குது. "இன்னிக்கு ஜாங்கிரிதான்க்கா நல்லாருக்கு, அத வாங்குங்க"ங்கறான். முடியவே முடியாதுன்னுட்டேன். நான் போற வீட்டுக்கு ஜாங்கிரி கொண்டு போகக் கூடாது. ஏன்னு சொல்றேன், சொன்னா உங்களுக்கே புரியும். அந்த அளவுக்கு எனக்கு இங்கிதம் தெரியும்க்கா.

நீங்க சங்கரன்கோவிலா? நானும் அங்கதான் எறங்கறேன். ஜவுளி எடுத்துட்டு வர்றீங்களா? பொண்ணுக்கா? ஓ, கணக்குல பாஸாயிட்டான்னு சுடிதாரா! ரெண்டு வருசமா ஃபெயிலா? அப்புறம் எப்படி? ட்யூஷனா. வீட்லயே சொல்லித் தர்ற டீச்சரா, காசு கூடக் கட்டாயப்படுத்திக் கேக்க மாட்டாங்களா. பரவாயில்லையே, இந்தக் காலத்துல அப்படி ஆளுங்க எங்க கெடைக்கறாங்க. நல்லா இருக்கட்டும்.

எம்பேரு மேகலா. விருதுநகரு. மதுரையில பி.எச்.டி பண்றேன். என்னதுலன்னு கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க, நீங்களும் சிரிப்பீங்க. போன்ல வர்ற வீடியோ இருக்குல்ல, அது எப்படிப் பரவுதுங்கறதுல. ஒரு வீடியோ யாருகிட்டருந்து யாருக்குப் போகுது, எந்த குரூப்புல விழுந்து எந்த குரூப்புல எந்திரிக்குது, எதனால ஒண்ணு ஊரு பூரா ஓடுது, இன்னொண்ணு ஏன் பொறந்த எடத்துலயே கெடக்குது, அதான் ஆராய்ச்சி. எங்கம்மா இருக்காங்களே, "ஊர்ல உள்ள பிள்ளைங்க பண்ணா போன நோண்டுறது, நீ பண்ணா ஆராய்ச்சியா"ம்பாங்க. இந்த வருசம் முடிக்கலன்னா என் பதிவே ரத்தாயிரும்க்கா. அது அவங்களுக்கு எங்க புரியுது. வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிட்டயெல்லாம் "கம்ப்யூட்டர்ல ஏதோ படிக்கா"ன்னு சொல்லி வச்சிருக்காங்க.

ஆனா லேசுப்பட்ட வேலை இல்ல. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. நீங்க எனக்கு ஒண்ணு அனுப்பினீங்கன்னா உங்க புள்ளியிலருந்து எம் புள்ளிக்கு ஒரு கோடு. நெறயா பேருக்கு அனுப்புற ஆளோட புள்ளி பெருசாயிரும். அப்படியே போட்டுக்கிட்டே போனா கடைசியில ஒரு படம் வரும். எங்கம்மா அந்தப் படத்தப் பாத்துட்டு, "என்னடி இது, சீனி கொட்டுன எடத்துல எறும்பு மொய்ச்சாப்ல இருக்கு"ன்னாங்க. பாக்க அப்படித்தான் இருக்கும்.

என் கைடு ஆழ்வார்சாமி சார். பெரிய மனுசர், ஆனா அவருக்கு எல்லாம் அவசரம். ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு, "மேகலா, ஓடிக்கிட்டிருக்கற வீடியோவத் தொடாத. அத எடுத்தா நீயும் அது பின்னாடி ஓடிக்கிட்டே இருப்ப. ஓடி முடிஞ்சதா ஒண்ணு எடு. பொறந்தது எங்க, வளந்தது எங்க, செத்தது எங்க, மூணும் தெரியணும்"னு. செத்த வீடியோவுக்கு நான் எங்க போவேன்? யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, எங்க ஊருலயே ஒண்ணு இருந்துச்சு. ஜாங்கிரி டீச்சர்.

பாத்திருக்கீங்களா? இல்லியா? விருதுநகர்ப் பக்கம் அத பாக்காத ஆள் கெடையாது. ஒரு கல்யாண வீடு, பந்தி. ஒரு அம்மா, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், பச்சப் பட்டுச்சேலை, சாப்புட்டு முடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. அந்தப் பக்கம் பாக்குறாங்க, இந்தப் பக்கம் பாக்குறாங்க. பக்கத்து எலையில ஆள் இல்ல. டக்குன்னு அந்த எலையில இருக்கற ஜாங்கிரிய எடுத்துக் காகிதத்துல சுருட்டி கைப்பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்து விட்டுடறாங்க. அவ்வளவுதான், கால் நிமிசம் கூட இருக்காது. மாப்பிள்ளையோட கூட்டாளி எவனோ எடுத்தது. அதுக்கு ஒரு போலீஸ் சைரன் சத்தத்த வேற சேத்து விட்டுட்டானுங்க. நான் மொதல்ல பாத்தப்ப விழுந்து விழுந்து சிரிச்சேன். பொய் சொல்லக் கூடாதுல்ல.

அவங்க கணக்கு டீச்சர். விருதுநகர்ல ஒரு தனியார் ஸ்கூலு. பிள்ளைங்க சும்மா இருக்குமா? போர்டுல ஜாங்கிரி படம் வரைஞ்சு வைக்கறது, அவங்க வகுப்புக்குள்ள வந்தா சைரன் மாதிரி ஊளையிடறது. நிர்வாகத்துல "கொஞ்ச நாள் வீட்ல இருங்க டீச்சர், சூடு ஆறட்டும்"னாங்களாம். அப்புறம் கூப்புடவே இல்ல. அவங்களும் ஊர விட்டுப் போயிட்டாங்க. வீடியோவும் அப்படியே அடங்கிப் போச்சு. ரெண்டு வருசத்துல ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. சார் கிட்ட சொன்னேன். "அருமை, இதான் வேணும்"னாரு.

ஆய்வுல அவங்க பேரப் போடலக்கா. 'அ'ன்னு மட்டும்தான் போட்டிருக்கேன். ஒருத்தரோட பேர வெளிய சொல்லக் கூடாது, அது நெறிமுறை. நிஜப் பேரு தங்கபுஷ்பம். உங்ககிட்ட சொல்றதுல என்ன இருக்கு, நீங்க யாரோ நான் யாரோ.

வேலைய ஆரம்பிச்சேன். ஒவ்வொருத்தர் கிட்டயா போயி, "இந்த ஜாங்கிரி வீடியோ உங்களுக்கு யாரு அனுப்புனா, நீங்க யாருக்கு அனுப்புனீங்க"ன்னு கேக்கறது. ஒருத்தருக்கும் ஞாபகமே இல்லக்கா! "எந்த ஜாங்கிரி?"ங்கறாங்க. வாயால எவ்வளவு சொன்னாலும் முழிக்கறாங்க. என்ன செய்யச் சொல்றீங்க? ஞாபகப்படுத்தணும்ல? அதனால வீடியோவ அனுப்பி வச்சுட்டு அப்புறம் கேட்டேன். அனுப்புன ஒடனே, "அட ஆமா, இது! மறந்தே போயிட்டோமே!"ன்னு ஒரே சிரிப்பு. எல்லாருக்கும் ஒடனே ஞாபகம் வந்துருச்சு. கீழ எழுதித்தான் அனுப்புனேன், 'ஆராய்ச்சிக்கு மட்டும், தயவுசெய்து யாருக்கும் பகிர வேண்டாம்'னு. தடிச்ச எழுத்துல. அத யாரு படிக்கறா.

அங்கதான் ஒரு ஆச்சரியம் நடந்துச்சு. செத்த வீடியோ எந்திரிச்சு உக்காந்துருச்சு! தானா! எவனோ ஒரு பையன் சைரன எடுத்துட்டு புதுசா ஒரு நாதஸ்வரத்தப் போட்டு விட்டான். அது ஒரு பக்கம் ஓடுது. ஒரு ஸ்வீட் கடைக்காரரு, எங்கன்னு சொல்ல மாட்டேன், தீபாவளிக்கு அதையே விளம்பரமாப் போட்டாரு. 'எங்கள் ஜாங்கிரியை ஒளிக்க வேண்டாம், ஆர்டர் கொடுங்கள்'னு. ஆழ்வார்சாமி சாருக்கு சந்தோசம் தாங்கல. "ரெண்டாவது அலை! மேகலா, இது எல்லாருக்கும் கெடைக்காது. தனி அத்தியாயமே எழுதலாம்"னு ரூமுக்கும் வராண்டாவுக்குமா நடக்கறாரு. நானும் ஒக்காந்து எழுதினேன். காரணம் என்னவா இருக்கும்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். தீபாவளி நேரம், பண்டிகைக் காலம், ஜனங்களோட மனநிலை, அப்படி.

ஆனா படம் போட்டப்ப ஒரு சிக்கல். நடுவுல ஒரு புள்ளி வந்து உக்காந்துக்கிச்சு. இவ்ளோ பெருசு. மத்ததெல்லாம் கடுகு மாதிரி இருக்கு, இது மட்டும் பூசணிக்கா மாதிரி. எல்லாக் கோடும் அங்கருந்துதான் கெளம்புது. சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டுப் பாக்கறாரு. "யாரும்மா இந்த ஆளு? இவனப் புடிச்சுட்டா ஆய்வே முடிஞ்சுது, போய் ஒரு பேட்டி எடு"ங்கறாரு. நம்பர எடுத்துப் பாத்தா... என் நம்பருதான்க்கா. என்னோடது. நான் எல்லாருக்கும் அனுப்பினேன்ல, யாரு அனுப்புனான்னு கேட்டா அவங்க, "நீங்கதான மேடம் அனுப்புனீங்க"ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எவ்வளவு வெவரங்கெட்ட ஜனங்க பாருங்க. நான் கேட்டது ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அனுப்புனது யாருன்னு!

சார் படத்த எங்கிட்டயே திருப்பித் தந்தாரு. அப்புறம் சொன்னாரு, "ஆராய்ச்சி பண்றவ படத்துக்குள்ள வரக் கூடாது. அத எடுத்துரு"ன்னு. எடுத்தேன். எடுத்தா படமே பொலபொலன்னு உதுந்து போச்சு. அங்க நாலு புள்ளி, இங்க ரெண்டு புள்ளி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ரெண்டாவது அலையையே காணோம். ராத்திரி பகலா போட்ட படம்க்கா. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாரு. புள்ளி இருக்கட்டும், நம்பர மட்டும் எடுத்துட்டுப் பக்கத்துல 'மூலம் தெரியவில்லை'ன்னு போடுன்னாரு. போட்டேன். இப்ப படம் பாக்க லட்சணமா இருக்கு. ஆனா ஏனோ அத அச்செடுத்தா ஒடனே கவுத்து வச்சுடறேன். தூசி படக் கூடாதுல்ல.

அதோட விட்டாங்களா? பல்கலைக்கழகத்துல ஆய்வச் சரிபாக்கற குழுவுல இருந்த ஒரு அம்மா, எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி கேக்கற ரகம், "இந்த வீடியோவுல இருக்கற பெண் சம்மதிச்சாங்களா? அவங்க கையெழுத்து இல்லாம இது மேல போகாது"ன்னுட்டாங்க. அவ்வளவு வேலையும் முடிஞ்சு, ஒரு கையெழுத்துல வந்து நிக்குது. டீச்சர் எந்த ஊர்ல இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல. பழைய ஸ்கூல்ல கேட்டா தெரியாதுங்கறாங்க. சொந்தக்காரங்க வாயே தெறக்கல.

நான் நெட்வொர்க் படிக்கறவ, எனக்கா வழி தெரியாது? நாலஞ்சு ஆசிரியர் குரூப்பு இருக்கு, நானும் அதுல இருக்கேன். அதுல போட்டேன். 'இவர்களை யாருக்காவது தெரியுமா? தற்போது எங்கு பணிபுரிகிறார்கள்? ஆய்வுக்காக'ன்னு. மரியாதையாத்தான் போட்டேன். பேரு போடல, பேரு போடக் கூடாதுல்ல. அதனால வீடியோவ மட்டும் போட்டேன். காலையில போட்டேன்க்கா, மதியம் சாப்புட உக்காரும்போது பதில் வந்துருச்சு! 'ஐயோ, இது எங்க ஸ்கூல் மேத்ஸ் மிஸ்ஸுல்ல? அருப்புக்கோட்டை'ன்னு. கூடவே பத்துப் பன்னெண்டு சிரிப்புப் பொம்மை. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்கயோ ஒளிஞ்சிருக்கற ஒரு ஆள, முன்னப் பின்ன தெரியாதவங்க கை மாத்திக் கை மாத்திக் கண்டுபிடிச்சுக் குடுக்கறாங்க. இதப் பத்தித்தான நான் படிக்கறேன்னு அன்னிக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

மறுநாளே போனேன், அருப்புக்கோட்டைக்கு. அன்னிக்கு லீவு நாளு. சின்ன வீடு. தனியாத்தான் இருக்காங்க. கதவத் தெறந்தாங்க, நேர்ல பாத்தா ரொம்பச் சாதுவான முகம். வீடியோவுல கொஞ்சம் குண்டாத் தெரிவாங்க. நான் விசயத்தச் சொன்ன ஒடனே அப்படியே வாசல் நெலையப் புடிச்சுக்கிட்டாங்க. ஆனா போன்னு சொல்லல. "உள்ள வாம்மா, வெயில்ல வந்திருக்க"ன்னாங்க. டீ போட்டாங்க.

டீயக் கையில குடுத்துட்டு அவங்களாவே சொன்னாங்க. நான் கேக்கல, அது என் கேள்வியிலயே கெடையாது. "அந்தப் பக்கத்து எல என் தங்கச்சி மகளோடதும்மா. ஆறு வயசுப் பிள்ள. ரசத்துலயே எந்திரிச்சு விளையாட ஓடிருச்சு. பெரிம்மா, என் ஜாங்கிரிய எடுத்து வைய்யின்னு சொல்லிட்டுத்தான் போச்சு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தது, அது எங்க ஓடுதுன்னு பாத்தேன். அவ்வளவுதான்"னாங்க. "ரெண்டு வருசத்துல ஒருத்தர் கூட ஏன் எடுத்தீங்கன்னு என்னக் கேக்கல"ன்னாங்க. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. எழுதிக்கிட்டேன். ஆனா சார் அத வெட்டிட்டாரு. "ஜாங்கிரி யாரோடதா இருந்தா நமக்கென்ன மேகலா, அது போன வழிதான் நமக்கு வேணும்"னாரு. அதுவும் சரிதான்.

அப்புறம் கையெழுத்துன்னு ஆரம்பிச்சேன். டீச்சர் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "இங்க யாருக்கும் தெரியாதும்மா. ஒருத்தருக்குக் கூடத் தெரியாது. நான் பாட்டுக்குப் போறேன், பாடம் எடுக்கறேன், வர்றேன். இந்த ஒண்ண மட்டும் விட்டுரு தாயி"ங்கறாங்க. நான், "டீச்சர், நீங்க பயப்படவே வேண்டாம், உங்க பேரு எங்கயும் வராது, 'அ'ன்னுதான் வரும்"னு பொறுமையா எடுத்துச் சொல்லிக்கிட்டிருக்கேன். அந்த நேரம் பாத்து மேசையில அவங்க போனு டிங்குன்னுது. திருப்பி டிங்கு. அப்புறம் நிக்கவே இல்ல, டிங்கு டிங்குன்னு மேசையிலயே நகருது. எடுத்துப் பாத்தாங்க.

அந்த வீடியோ அவங்க ஸ்கூல் ஸ்டாஃப் குரூப்புலயே வந்திருந்துச்சு. எவளோ ஆசிரியர் குரூப்புலருந்து எடுத்து இங்க போட்டிருக்கா.

டீச்சர் போன அணைச்சு வச்சாங்கக்கா. என் கையிலருந்து தம்ளர வாங்கினாங்க. நான் இன்னும் குடிச்சு முடிக்கல, பாதி டீ இருக்கு. அத ஊத்திட்டு, கழுவி, கவுத்து வச்சாங்க. அப்புறம் எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க. தோள் மட்டும் ஆடுது. கையெழுத்துப் போடாமயே அனுப்பிச்சுட்டாங்க. ஒரு டீயக் கூட முழுசாக் குடிக்க விடலன்னு பஸ்ல வரும்போது எனக்குக் கோவமா வந்துச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல.

நானும் ஒரு பொம்பளதானக்கா? எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு நல்லதுதான் நான் செய்யறேன். நாளைக்கு இந்த ஆய்வு வெளிய வந்தா, இந்த மாதிரி வீடியோவால பொம்பளைங்க எவ்வளவு கஷ்டப்படறாங்கன்னு நாலு பேருக்குத் தெரியும். முடிவுரையில அழகா எழுதியிருக்கேன். 'இத்தகைய காணொளிகளைப் பகிர்வதைச் சமூகம் தவிர்க்க வேண்டும்'னு. அத அவங்க கிட்ட படிச்சுக் காட்டணும்னுதான் எனக்கு ஆசை.

கரிவலம் வந்துருச்சா? இன்னும் கொஞ்ச தூரந்தான், இல்ல?

அப்புறம் என்ன, டீச்சர் அந்த ஸ்கூலையும் விட்டுட்டாங்க, வீட்டையும் காலி பண்ணிட்டாங்க. என் நம்பர எடுக்கறதில்ல. ஒரு நாள் எங்கம்மா போன்லருந்து அடிச்சேன், எடுத்துட்டாங்க. எங்குரலக் கேட்டு யாருன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் மெதுவாச் சொல்றாங்க, "மேகலா, இனி ஒரு ஊரு மாத்த எங்கிட்ட தெம்பு கெடையாது. இங்க பிள்ளைங்க என்ன டீச்சர்னு மட்டும் கூப்புடுது. எனக்கு அது போதும். என்னத் தேடாதம்மா"ன்னு. வச்சுட்டாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. இவங்கள யாரு ஊரு மாத்தச் சொன்னா? நான் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. அன்னிக்கே போட்டிருந்தா இவ்வளவு அலைச்சல் எனக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல.

திரும்பவும் குரூப்புல போட்டேன். இந்தத் தடவை ஒரே ஒரு பதில்தான் வந்துச்சு. பள்ளிக்கூடங்களுக்கு நோட்டுப் புத்தகம் போடற கடைக்காரரு, சங்கரன்கோவில். 'எங்க கடைக்கு வருவாங்க. பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கறாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, சைக்கிள் கடை மாடி. நான் யாரு கிட்டயும் சொல்லல'ன்னு தனியா அனுப்புனாரு. நல்ல மனுசர். அதான் கெளம்பி வந்துட்டேன். சொல்லாமக் கொள்ளாமத்தான் போறேன். சொன்னா இருக்க மாட்டாங்களே.

என்னக்கா, சட்டுன்னு நிமிந்து உக்காந்துட்டீங்க? ட்யூஷன்னதும் அப்படிப் பாக்கறீங்க. இருங்க, நீங்க அந்த ஊருதான, உங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்சிருக்கும். இதோ, பாருங்க. வெயில் அடிக்குது, கைய வச்சு மறைச்சுக்கங்க. இதோ இந்தப் பக்கம் பாக்குறாங்க. இப்ப அந்தப் பக்கம். இப்ப எடுப்பாங்க பாருங்க... ஆங், ஜிப்ப இழுத்தாச்சு. எல்லாரும் இந்த எடத்துல சிரிச்சுருவாங்க. உங்களுக்குச் சிரிப்பு வரலியா?

என்னக்கா போனத் தள்ளி விடறீங்க? வெயில்ல சரியாத் தெரியலியா? இன்னொரு தடவ போடட்டுமா? வேண்டாமா? தெரியுமா இவங்கள? தெரியாதா. பாத்ததே இல்லியா. சரி, சரி, அதுக்கு ஏன் அவ்வளவு சத்தமாச் சொல்றீங்க, முன்னாடி சீட்டுல திரும்பிப் பாக்கறாங்க. தெரியலன்னா விடுங்க. நம்பர் சொல்லுங்க, உங்களுக்கு அனுப்பி வைக்கறேன், வீட்ல போயி நிதானமாப் பாருங்க. பொண்ணு கிட்டக் காட்டுங்க, பிள்ளைங்களுக்குத்தான் டீச்சருங்க முகம் எல்லாம் தெரிஞ்சிருக்கும். வேண்டாமா? சரிக்கா.

யாருக்கு அவ்வளவு நீளமா டைப் பண்றீங்க? பொண்ணுக்கா? சமையல் ஏதும் சொல்றீங்களா? எங்கம்மாவும் இப்படித்தான், ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிப்பாங்க. போன் பண்ணியே சொல்லிரலாம்ல. ஓ, சத்தத்துல கேக்காதோ.

அடடே, அப்படியா? அந்த சைக்கிள் கடை இப்ப அங்க இல்லியா? காலி பண்ணி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்களா? நோட்டுக் கடைக்காரரு நேத்துக் கூட பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடின்னுதான சொன்னாரு. நேத்து சாயங்காலந்தான் காலி பண்ணாங்களா? நல்லவேள சொன்னீங்கக்கா, இல்லன்னா நான் அங்க போயி முழிச்சுக்கிட்டு நின்னிருப்பேன். கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆட்டோவுலதான் போகணும், ரொம்ப தூரம். சரி, சரி, மனசுல வச்சுக்கிட்டேன். யாருக்கா இந்தக் காலத்துல இப்படி வெவரமா வழி சொல்றா. உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் வெளியூருக்குத் தனியா வரவே தைரியமா இருக்கு.

வந்துருச்சா. எறங்குங்க, நான் பின்னாடியே வர்றேன். அக்கா, எம் பைய! ம், குடுங்க. உங்க ஜவுளிப் பைய விட்டுட்டுப் போறீங்க பாருங்க, பொண்ணோட சுடிதாரு! இந்தாங்க. என்ன இவ்வளவு அவசரம், செருப்பக் கூடச் சரியா மாட்டல. மெதுவாப் போங்கக்கா, விழுந்துறப் போறீங்க! உங்க பொண்ணுக்குச் சொல்லித் தர்ற டீச்சர் பேரு என்னன்னு சொல்லவே இல்லியே! அக்கா!

காது கேக்கல போல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஓடறாங்க. வீடு அங்கதான் போல. பாவம், நல்ல மனுசி.

அண்ணே, ஆட்டோ வருமா? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போகணும். சைக்கிள் கடை மாடி, ட்யூஷன் டீச்சர் வீடு. அந்தப் பக்கம் சைக்கிள் கடையே கெடையாதா? வெறும் வயக்காடா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே, இப்பதான் ஒரு அக்கா சொல்லிட்டுப் போறாங்க. டீச்சர் பேரா? பேரு சொல்லக் கூடாதுண்ணே, அதுக்கு ஒரு முறை இருக்கு. ஒரு நிமிசம் இஞ்சின ஆஃப் பண்ணுங்க. இந்த வீடியோவப் பாருங்க, முகத்தப் பாத்தாத் தெரிஞ்சுரும். சிரிக்காதீங்க, முகத்தப் பாருங்க. எங்கயாச்சும் பாத்த மாதிரி இருக்கா? இருக்கா! யாருக்குத் தெரியும், அந்தா நிக்கறாரே அவருக்கா? கூப்புடுங்கண்ணே. அவங்களையும் கூப்புடுங்க. வாங்கண்ணே, எல்லாரும் வாங்க. நல்லா ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க.